டைவ் முடித்த கையோடு மலைக்கு பஸ் ஏறலாமா?

கேள்வி – 2024 மே 26
நுவரெலியாவில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் பொசன் போயா விடுமுறை வெள்ளிக்கிழமை வருகிறது. நண்பனோடு திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குப் போய் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் டைவ் பண்ணத் திட்டம். ஞாயிறு காலை இரண்டு டைவ், பகல் சாப்பாடு, ஒரு மணிக்கு பஸ், திங்கள் காலை வேலை. டைவ் பண்ணிவிட்டு விமானம் ஏறக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். மலையைப் பற்றி யாரும் பேசவில்லை. நண்பனோ, "நாம மலையில பிறந்தவங்க, உடம்பு பழகியிருக்கும்" என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 மே 26, இரவு 10.40
தம்பி, தாராளமா போங்க. நான் அட்டன். அக்காவை நிலாவெளியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், மச்சானிடம் போட் இருக்கிறது. ஆறு வருஷமாக வருஷத்துக்கு மூன்று நான்கு தரம் போய் வருகிறேன். டைவுக்குப் பிறகு 12 மணி நேரம் விட்டால் போதும் என்று கணக்கு. பஸ்ஸிலேயே எட்டு மணி நேரம் போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை.

2024 மே 27, காலை 5.15
நேற்று இரவு எழுதியதை நம்ப வேண்டாம். அழிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும். படுத்த பிறகு தூக்கம் வரவில்லை.

முதல் பிழை, 12 மணி நேரம் என்பது ஒரே ஒரு டைவ் பண்ணியவருக்கு. ஒரு நாளைக்கு இரண்டு, அதுவும் மூன்று நாள் தொடர்ந்து என்றால் 18 மணி நேரம். ஆழத்தில் தங்கி, படிப்படியாக நின்று நின்று மேலே வரவேண்டிய டைவ் என்றால் 18ஐயும் நன்றாகத் தாண்ட வேண்டும். பலர் 24 என்று வைத்துக்கொள்கிறார்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவ் பாதுகாப்பு அமைப்பு 2002இல் நிபுணர்களைக் கூட்டிப் பேசி வகுத்த கணக்கு இது.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. பஸ்ஸில் போகிற எட்டு மணி நேரத்தையும் காத்திருக்கிற நேரத்தோடு சேர்த்துவிட்டேன். தம்புள்ளை வரை சேர்க்கலாம், அது சமவெளி. கம்பளை தாண்டியதும் பஸ் ஏறத் தொடங்குகிறதே, அதற்கு முன்பே 18 மணி நேரமும் முடிந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போகிறேன், பிறகு எழுதுகிறேன்.

2024 மே 27, இரவு
விமானத்துக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அடைத்துத்தான் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பவனுக்கு அது 8000 அடிக்குள் ஒரு மலையில் உட்கார்ந்திருப்பது போல. நான் சொன்ன கணக்கும் 600 மீட்டரிலிருந்து 2400 மீட்டர் வரையான உயரத்துக்கு எழுதியதுதான். நுவரெலியா 1868 மீட்டர். அட்டன் 1271. நானுஓயா தாண்டிப் பட்டிப்பொலைக்குப் போகிற ரயில் பாதை 1890 மீட்டரையும் தாண்டுகிறது. கொழும்பிலிருந்து துபாய் போகிறவன் நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடுவான். நாம் ஏறுவது தரையிறங்காத விமானம். அதிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் வேலைக்கும் போகிறோம்.

நான் டயர்க் கடை வைத்திருப்பவன், காற்றோடுதான் பிழைப்பு. கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ அடிக்கிறேன். டைவ் சிலிண்டரில் இருப்பது 3000 பிஎஸ்ஐக்குக் கிட்டே. கடலில் பத்து மீட்டர் இறங்க இறங்க ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடும். மேலே இருக்கிற காற்றையும் சேர்த்தால் 18 மீட்டரில் 2.8. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அது வேண்டாததுதான், ஆனாலும் ரத்தத்திலும் கொழுப்பிலும் போய்க் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு மெதுவாக வெளியேறும். கரைக்கு வந்த பிறகும் மணிக்கணக்கில் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் அழுத்தத்தை இன்னும் குறைத்தால், ஜிஞ்சர் பியர் போத்தலைத் திறந்த கதைதான். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்.

போத்தல் உவமை பிடிக்காவிட்டால் மிக்சர் பாக்கெட்டைப் பாருங்கள். திருகோணமலையில் வாங்கும்போது தொளதொளவென்று இருக்கும். மாத்தளையில் கொஞ்சம் நிமிரும். கினிகத்தேனை வளைவுகளில் தலையணை மாதிரி விறைத்து, விரலால் தட்டினால் டப் டப் என்று சத்தம் வரும். போன வருஷம் பக்கத்து சீட்டில் இருந்த சின்னப் பிள்ளை அட்டன் வரைக்கும் என் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டே வந்தது. கண்ணால் பார்த்தும் அதே காற்று எனக்குள்ளும் இருக்கிறது என்று தோன்றவில்லை.

2024 மே 29
"மலையில் பிறந்தவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். அதை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் நினைவுபடுத்தினார்கள்.

உடம்பு பழகுவது உண்மை. ஆனால் பழகுவது ஆக்சிஜன் குறைவுக்கு. சிவப்பணு கூடும், மூச்சு வாங்குவது குறையும். நைட்ரஜன் குமிழி, பிறந்த சான்றிதழைக் கேட்டுக்கொண்டு வராது. ஒரே ஒரு சின்ன லாபம் உண்டு. மலையிலிருந்து இறங்கிய அன்றே டைவ் பண்ணினால், கடற்கரைக்காரனைவிட நம் உடம்பில் நைட்ரஜன் கொஞ்சம் குறைவாகத் தொடங்கும். கரையில் ஒரு இரவு தூங்கினாலே அந்த வித்தியாசம் ஏறக்குறைய சமமாகிவிடும். திரும்பி ஏறும்போது நிலைமை தலைகீழ். டைவில் சேர்ந்ததோடு, கடற்கரையில் சும்மா இருந்து சேர்ந்ததையும் சேர்த்து நாம் இறக்க வேண்டும்.

நமக்கு உண்மையிலேயே கைவந்த ஒன்று இருக்கிறது. காது. கொழும்புப் பையன்கள் மூக்கைப் பிடித்து ஊதத் தடுமாறுவார்கள். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் எச்சில் விழுங்கி விழுங்கிக் காதைத் திறந்து பழகிய நமக்கு அது தண்ணீர் பட்ட பாடு. முதல் நாளே பயிற்சியாளர் "முந்தியே பழகியிருக்கிறீர்களா" என்று கேட்டார். ஆமாம், கண்டி–அட்டன் ரூட்டில் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

2024 ஜூன் 1
இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். முதல் நாள் "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதினேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை.

2018 ஆகஸ்ட். திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கடலில் காலையில் இரண்டு டைவ். இரண்டாவதில் ஆசைப்பட்டுக் கொஞ்சம் ஆழம் போனேன். பதினொரு மணிக்குக் கரை, பன்னிரண்டரைக்கு வான் வண்டி. நாவலப்பிட்டி வரை தூங்கிக்கொண்டு வந்தேன். கினிகத்தேனை ஏறும்போது இடது தோளில் ஒரு வலி. குத்துவது போல இல்லை. ஈரத் துணியைப் பிழிவது போல, உள்ளே, மெதுவாக. கையை எப்படி வைத்தாலும் அதே வலி, அழுத்தினாலும் கூடவுமில்லை குறையவுமில்லை. வீட்டுக்கு வந்தபோது அந்தக் கையில் ஒரே அரிப்பு. வாளி தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று அம்மா எண்ணெய் சூடாக்கித் தேய்த்தார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி. வலி மாத்திரையும் பூசுகிற மருந்தும் தந்தார்கள். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கடலுக்குள் போய் வந்தேன் என்று நான் வாயே திறக்கவில்லை. தேயிலைத் தூள் நாட்டில் தோள் வலியோடு வருகிறவனைப் பார்த்து "டைவ் பண்ணினாயா" என்று யார் கேட்பார்கள்? மூன்றாம் நாள் வலி தானாகப் போய்விட்டது.

சிலிண்டர் தூக்கிய பிடிப்பாகவும் இருந்திருக்கலாம். அப்படித்தான் ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் பிடிப்பு அரிக்குமா?

2024 ஜூன் 2
நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்வி: "அப்ப அதுக்குப் பிறகும் ஆறு வருஷம் அப்படித்தான் போய் வந்தீங்களா?" பதில் இல்லை. இன்றைக்கு வீட்டில் சாப்பாடு கொஞ்சம் உப்பு.

2024 ஜூன் 3
அப்படி வலி வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மூட்டு வலி, மரமரப்பு, தோலில் திட்டு, காரணமில்லாத அசதி, நடை தள்ளாடுவது, இதில் எது வந்தாலும் மேலே ஏறுவதை உடனே நிறுத்துங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வசனமாக "நேற்று டைவ் பண்ணினேன், இத்தனை மீட்டர், இத்தனை மணிக்கு வெளியே வந்தேன்" என்று சொல்லுங்கள். ஆக்சிஜன் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சரியான சிகிச்சை, அழுத்த அறையில் வைத்துத் திரும்ப அழுத்தம் கொடுத்து மெதுவாகக் குறைப்பதுதான். அந்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. அதாவது, எந்த ஊரை விட்டு ஓடி வந்தோமோ அங்கேயேதான். அட்டனில் உட்கார்ந்து எண்ணெய் தேய்ப்பதில் பயனில்லை. அம்மா மன்னிக்க வேண்டும்.

2024 ஜூன் 5
கொஞ்சம் கடலைப் பற்றியும் பேசுவோம், இல்லாவிட்டால் எல்லாரும் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள்.

மச்சானின் போட் வழக்கமாகப் போகிற வழி இது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் புறாத் தீவு. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் பீரங்கி சுட்டுப் பழகிய இடம், 2003இலிருந்து தேசியப் பூங்கா. பெரிய தீவின் மறுபக்கம் இடுப்பளவு தண்ணீரிலேயே கருமுனைச் சுறாக் குட்டிகள் வரும். பயப்படாதீர்கள், நம்மைக் கண்டு அவைதான் ஓடும். உள்ளே பாறை இடுக்குகளில் அஞ்சாளை, விலாங்கு மாதிரி மீன், வாயைத் திறந்து திறந்து மூடும். கடிக்க வருகிறது என்று நினைத்து நான் முதல் நாள் பாதிச் சிலிண்டரைக் காலி பண்ணினேன். அது மூச்சு விடுகிறதாம்.

தெற்கே திரும்பினால் சுவாமி மலை. மேலே கோணேஸ்வரம், கீழே செங்குத்துப் பாறை அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளிய தூண்கள் அங்கே கிடக்கின்றன. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் அங்கே மூழ்கிப் பார்த்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பாசி மூடிய ஒரு சதுரக் கல். அதன் ஓரம் நேராக இருக்கிறது, அவ்வளவுதான். கடலுக்குள் நேர்கோடு இயற்கையில் அபூர்வம், அதனால் கண் அங்கேயே போய் நிற்கும். மேலே பூசை மணி அடிப்பது கேட்டது என்று மச்சான் சொல்வார். எனக்குக் கேட்டது என் குமிழிச் சத்தம் மட்டும்.

2024 ஜூன் 6
எந்த மாதம் என்று கேட்டவருக்கு: கிழக்குக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நம் பக்கம் தென்மேல் பருவ மழை கொட்டி, மூடுபனியில் எதிர் லயத்து வீடுகள் தெரியாத நாள்களில்தான் அங்கே கடல் கண்ணாடி. ஆனால் கச்சான் பார்த்துப் போங்கள். முதல் தடவை மச்சான் போனில் "வராதே, கச்சான் தொடங்கிட்டுது" என்றார். கச்சான் கடலைக்கும் டைவுக்கும் என்ன சம்பந்தம், விலை ஏறிவிட்டதோ என்று யோசித்தேன். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காய்ந்த காற்றாம். கடலைப் பொட்டலமும் வாங்கிக்கொண்டுதான் போனேன். அக்கா வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

2024 ஜூன் 9
பதுளைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். கல்குடாப் பக்கம் கப்பல் டைவ் பண்ணிவிட்டு மகாஓயா, பிபிலை வழியாக மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போவாராம். பதுளை 680 மீட்டர்தானே, பரவாயில்லையா என்கிறார்.

600ஐத் தாண்டிவிட்டீர்கள் அண்ணே. அதோடு எந்தக் கப்பல் என்பதையும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ஒரே நாளில் மட்டக்களப்புக் கடலில் பல கப்பல்களை மூழ்கடித்தன. அதில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 25 மீட்டருக்குள் கிடக்கிறது, நம்மைப் போன்றவர்கள் பார்க்கக்கூடியது. ஹெர்மஸ் அப்படி இல்லை. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல், 307 பேரோடு போனது. 53 மீட்டரில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவுக்கு எல்லை 40. அங்கே போகிறவர்கள் அதற்கென்று தனியாகப் படித்தவர்கள். மேலே வரும்போது கட்டாயம் நின்று நின்றுதான் வர வேண்டும். அந்த டைவுக்கு 18 மணி நேரம் போதாது.

உங்கள் வழியில் இன்னொரு வில்லங்கம். செங்கலடியில் தொடங்கும் ஏ5 பாதை பதுளையோடு நிற்பதில்லை, அப்படியே நுவரெலியா ஏறிப் பேராதனை வரை போகிறது. கடற்கரைக்கும் நுவரெலியாவுக்கும் ஒரே பாதை. வழியில் "இங்கே காத்திரு" என்று பலகை வைக்க ஆள் இல்லை.

2024 ஜூன் 10
பதுளைக்காரர் பதில் போட்டிருக்கிறார். பிரிட்டிஷ் சார்ஜன்ட்தானாம், ஹெர்மஸ் இல்லையாம். நல்லது. இருந்தாலும் மகாஓயாவில் ஒரு இரவு தங்குங்கள்.

2024 ஜூன் 12
இழை எங்கேயோ போகிறது. இப்போது கேள்வி: மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிப் பழைய மஸ்கெலியா டவுனைப் பார்க்கலாமா?

அப்பா அந்தப் பழைய டவுனில் தோசை சாப்பிட்டு வளர்ந்தவர். நீர்த்தேக்கம் கட்டியபோது கடை, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் உள்ளே போயின. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் கோயில் தலைகாட்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போனேன். வெடித்த சேற்றில் நின்றுகொண்டு "இதுதான் கடைவீதி" என்று ஒரு வெற்றிடத்தைக் காட்டினார்.

டைவ் என்று பார்த்தால் அது கடலைவிடச் சிக்கல். 300 மீட்டருக்கு மேலே உள்ள எந்தத் தண்ணீரையும் உயர இடத்து டைவ் என்றுதான் எடுப்பார்கள். கடல் மட்டத்துக்குப் போட்ட அட்டவணை அங்கே செல்லாது. மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால், அங்கே 18 மீட்டர் போவது கடலில் அதைவிட ஆழம் போய் வந்ததற்குச் சமம். மவுசாகலை ஆயிரம் மீட்டருக்கும் மேலே. போதாததற்கு அடியில் சேறு, மரக்கட்டை, வலை. காத்திருங்கள், அடுத்த வறட்சியில் செருப்போடு நடந்தே போகலாம்.

2024 ஜூன் 14
சிவனொளிபாதமலையை மறந்துவிட்டேன். மார்கழியில் தொடங்கி வெசாக் வரை மலை சீசன். தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைக் கடல் டைவுக்குத் திறந்திருப்பதும் ஏறக்குறைய அதே மாதங்களில். 1903இல் மூழ்கிய காஞ்ச் கப்பலை அக்குரலவில் காலையில் பார்த்துவிட்டு, இரவே நல்லதண்ணி வந்து மலை ஏறுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. 2243 மீட்டர், அதுவும் மூச்சு வாங்கப் படி ஏறி. முதலில் சாமி, அப்புறம் கடல் என்று மாற்றிப் போடுங்கள். ஒரு பிரச்சினையும் இல்லை.

2024 ஜூன் 16
கேள்வி கேட்ட தம்பி என்ன செய்வதென்று இன்னும் குழம்புகிறாராம். கணக்கு சுலபம். ஞாயிறு பகல் 11க்கு வெளியே வந்தால், 18 மணி நேரம் முடிவது திங்கள் விடியற்காலை 5. கம்பளையை அதற்கு முன்பு தாண்டக் கூடாது. திங்கள் அரை நாள் லீவு போட வேண்டும்.

லீவு தர மாட்டார்களா? அப்படியானால் வெள்ளியும் சனியும் டைவ், சனி பகலோடு சிலிண்டரை இறக்கி வையுங்கள். ஞாயிறு காலை முகமூடியும் குழாயும் மட்டும் மாட்டிக்கொண்டு புறாத் தீவில் மிதந்துவிட்டு வாருங்கள். அழுத்தக் காற்று சுவாசிக்காதவரை நைட்ரஜன் பிரச்சினை இல்லை. சுறாக் குட்டிக்கு சிலிண்டர் தேவையே இல்லை. கோணேஸ்வரம் போகலாம், கன்னியாவில் ஏழு கிணற்றிலும் ஆளுக்கொரு வாளி ஊற்றிக்கொள்ளலாம். ஒரு மணி பஸ் உங்களுடையது.

ஒரு மிக்சர் பாக்கெட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 24
தம்பியிடமிருந்து படம் வந்தது. றம்பொடை வளைவு, ஜன்னலில் மழை, மடியில் வெடிக்கிற மாதிரி ஊதிய பாக்கெட். "அண்ணே, இது நான் இல்லை" என்று கீழே எழுதியிருக்கிறார். மலையில் பிறந்த நண்பன் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்குகிறான்.

2024 ஆகஸ்ட் 17, இரவு 10
தம்புள்ளையிலிருந்து எழுதுகிறேன். இன்று பகல் 11.30க்குக் கடைசி டைவ். வாழ்க்கையில் முதல் தடவையாக வழியில் ரூம் போட்டிருக்கிறேன். மனைவி போனில் இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார். பொருளாதார மத்திய நிலையத்துக்குப் பக்கத்து ரூம், தூங்க வழியில்லை. நம் ஊர் லீக்ஸும் கரட்டும் கோவாவும் லொறி லொறியாக வந்து இறங்குகின்றன. அவை கீழே வர யாரும் மணி பார்ப்பதில்லை. நான் மேலே போக இன்னும் ஏழரை மணி நேரம். ஏழரை என்றதும் அம்மாவுக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் வீட்டில் "காலையில் வருவேன்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.